மாதம் 5,000 ரூபாய்தான் இருக்கு: ஃபாலோயர்ஸ் சேர்க்க ரீல்ஸா, பூஸ்ட்டா, இன்ஃப்ளுயன்சரா?

வீட்டிலிருந்தோ சின்னக் கடை வைத்தோ வியாபாரம் செய்பவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், கூடப் படித்தவர்கள் என்று ஐந்நூறு அறுநூறு பேர் சேர்ந்திருப்பார்கள், அதற்கு மேல் நகராது. விளம்பரத்துக்கென்று மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடியும். அதை பூஸ்ட்டில் (காசு கட்டி நம் போஸ்டை அதிகம் பேருக்குக் காட்டுவதில்) போடுவதா, யாராவது இன்ஃப்ளுயன்சரிடம் கொடுத்து நம் பொருளைப் பற்றிப் பேசச் சொல்வதா, ஏஜென்சியிடம் விட்டுவிடுவதா, இல்லை ஒரு பைசா செலவழிக்காமல் தினம் ஒரு ரீல் (சின்ன வீடியோ) என்று நாமே உட்காருவதா என்பதுதான் கேள்வி.

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் மூன்று வியாபாரங்களை வைத்துக்கொண்டு பேசுகிறேன். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் மொத்த விலைக்குச் சேலை எடுத்து, வீட்டிலிருந்தே விற்று கொரியரில் அனுப்புபவர் ஒருவர். கோயம்புத்தூரில் வீட்டிலேயே ஆர்டர் எடுத்து கேக் செய்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கொடுப்பவர் இன்னொருவர். பருப்புப்பொடி, ஊறுகாய், வத்தல் போட்டு எந்த ஊரில் கேட்டாலும் அனுப்புபவர் மூன்றாமவர். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் வரும்.

## எதை வைத்து அளப்பது

ஃபாலோயர் எண்ணிக்கையை மட்டும் அளவாக வைத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை, ஏனென்றால் காசு கொடுத்துப் போலி கணக்குகளை வாங்குவதுதான் இருப்பதிலேயே மலிவு. ஆகவே வேறு அளவுகள் வேண்டும்.

வருகிறவர் வாங்கக்கூடியவரா என்பது முதல் அளவு. கோவை கேக்காரருக்குத் திருநெல்வேலியிலிருந்து 2,000 பேர் வந்தால் அரை கிலோ கேக்கூட விற்காது. சேலைக்காரருக்கு அதே 2,000 பேர் வந்தால் பெரிய விஷயம்.

அடுத்தது, பணத்தோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என்ன செலவாகிறது என்பது. நாமே செய்வது இலவசம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சேலையை விரித்து, வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் மாட்டி, எடுத்து, வெட்டி, மேலே எழுத்துப் போட்டு ஏற்றுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போகிறதென்றால் அந்த நேரத்தில் எத்தனை பார்சல் கட்டியிருக்கலாம் என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிறுத்திவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, இல்லை கையில் காசு இல்லை, அப்போதும் அந்த வழியில் ஆள் வந்துகொண்டிருப்பார்களா?

நான்காவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சேர்த்த ஆட்களை நம்மோடு கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் அத்தனை ஃபாலோயர்களையும் இழந்தார்கள், ஒருத்தருடைய ஃபோன் நம்பர்கூடக் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் படுத்துவிட்டன, மூன்றும் மெட்டா (அப்போது பெயர் ஃபேஸ்புக்) என்ற ஒரே கம்பெனியுடையவை என்பதால். எந்த வழியில் போனாலும் சரி, வாங்கியவரின் பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார் என்பது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத 10,000 ஃபாலோயர்களைவிட அது இருக்கிற 400 வாடிக்கையாளர்கள் மேல்.

## நாமே ரீல்ஸ் போடுவது

புது ஆட்களிடம் இலவசமாகப் போய்ச் சேர்வதற்கு இன்றைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபோட்டோ போட்டால் பெரும்பாலும் ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களுக்குத்தான் போகும். ரீல் அப்படி இல்லை, நம்மைத் தெரியாதவர்களிடமும் கொண்டுபோய்க் காட்டும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று விஷயங்களை முக்கியமாகச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை இன்னொருத்தருக்கு அனுப்புகிறார்கள். புது ஆட்களிடம் போவதற்கு அந்த மூன்றாவது கூடுதலாக உதவுகிறது என்றும் சொன்னார்.

இதைப் பிடித்துக்கொண்டால் என்ன எடுப்பது என்ற குழப்பம் பாதி தீரும். நம்ம ஊரில் எதை அடுத்தவருக்கு அனுப்புகிறோம்? "அக்கா, இந்தக் கலர் உனக்கு நல்லா இருக்கும் பாரு" என்று சேலையை அனுப்புவோம். "தம்பி பிறந்தநாளுக்கு இந்த மாதிரி சொல்லலாமா?" என்று கேக்கை அனுப்புவோம். வத்தக்குழம்பு வைக்கிற முறையை அனுப்புவோம். "எங்கள் கடைக்கு வாருங்கள்" என்று கைகூப்புகிற வீடியோவை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. பொங்கல் வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து என்று லோகோ போட்ட படங்களையும் அப்படித்தான், அவற்றில் நேரம் செலவழிக்கவே வேண்டாம்.

விலையைச் சொல்லுங்கள். "விலைக்கு டிஎம் செய்யவும்" என்ற வழக்கம் எங்கிருந்து வந்ததோ, கமெண்ட் நிறைய வரும் என்று சிலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கமெண்ட் வருவது உண்மைதான். ஆனால் நூறு பேருக்கு ஒரே விலையைத் தட்டச்சு செய்து அனுப்பி, அதில் தொண்ணூறு பேர் பதிலே போடாமல் போகிற வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. விலை, கொரியர் சார்ஜ், எத்தனை நாளில் வரும், பிளவுஸ் பிட் உண்டா, எல்லாமே வீடியோவிலேயே இருந்தால் கேட்டு வருகிறவர் பாதி முடிவெடுத்துவிட்டு வருவார்.

முகம் காட்டத் தயக்கம் இருக்கிறதா? தேவையே இல்லை. வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், கண்டபடி கமெண்ட் வரும் என்ற பயத்தில் நன்றாகச் செய்யக்கூடிய எத்தனையோ பெண்கள் ஆரம்பிக்காமலே இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கையும் குரலும் போதும். சேலையை விரிக்கிற கை, க்ரீம் தடவுகிற கை, பின்னால் உங்கள் ஊர்ப் பேச்சில் இயல்பாகப் பேசுகிற குரல். மோசமான வார்த்தைகளை இன்ஸ்டாகிராமின் அமைப்புகளில் எழுதி வைத்துவிட்டால் அந்த வார்த்தை இருக்கிற கமெண்ட்டுகள் தானாக மறைந்துவிடும். தனியாக ஒரு சிம் வாங்கி அதில் மட்டும் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு நம்பரைப் பயோவில் போட வேண்டாம்.

ஒரே வீடியோவை யூட்யூப் ஷார்ட்ஸிலும் ஏற்றுங்கள். ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்தும் ரீல்ஸ் 2025 ஜனவரியிலிருந்தும் 3 நிமிடம் வரை போகலாம் என்றாகிவிட்டதால் தனித்தனியாக வெட்ட வேண்டியதும் இல்லை. யூட்யூபுக்கு இன்னொரு குணம், ஜனங்கள் அங்கே தேடிக்கொண்டு வருவார்கள். "இளம்பிள்ளை சேலை மொத்த விலை" என்று தேடுகிறவருக்கு நீங்கள் எட்டு மாதம் முன்னால் போட்ட வீடியோ கிடைக்கும். இன்ஸ்டாவில் எட்டு மாதப் பழைய ரீலை யாரும் தோண்டி எடுப்பதில்லை.

இனி மறைந்திருக்கிற செலவுகள். முதலாவது, சரக்கு தீர்ந்த பிறகு ரீல் ஓடுவது. ஒரே ஒரு பீஸ் இருக்கிற சேலையைக் காட்டினீர்கள், அது விற்று நாலு நாள் கழித்து அந்த ரீல் லட்சம் பேரிடம் போகிறது, "ஸ்டாக் இருக்கா" என்று முந்நூறு மெசேஜ். இல்லை, இல்லை என்று சொல்லியே பேர் கெடும். மறுபடி எடுக்கக்கூடிய டிசைனை ரீலில் காட்டுங்கள், ஒற்றைப் பீஸை ஸ்டோரியில் போடுங்கள், ஸ்டோரி 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.

இரண்டாவது, பாட்டு. பிசினஸ் கணக்குகளுக்கு சினிமாப் பாட்டுகள் பலவும் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்துப் போட்டாலும், வியாபாரத்துக்காக அந்தப் பாட்டைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் இல்லை. சத்தம் எடுக்கப்படலாம், ரீலே எடுக்கப்படலாம், இசை நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ்கூட வரலாம். உங்கள் குரலில் பேசிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

மூன்றாவது, பொறுமை. முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் தொடர்ந்து கொடுக்க முடியாதவர், "தினம் ஒன்று" என்று ஆரம்பித்து பத்தாம் நாள் நிறுத்துவதைவிட, வாரம் இரண்டு என்று வைத்துக்கொண்டு நிறுத்தாமல் போவது நல்லது.

யாருக்குப் பொருந்தும்: கண்ணால் பார்த்ததும் ஆசை வருகிற பொருள், அடிக்கடி புதிது வருகிற சரக்கு, காசு குறைவு, நேரம் கொஞ்சம் உண்டு. சேலைக்காரர் இதில்தான் ஆரம்பிக்க வேண்டும், வேறு எதிலும் இல்லை.

## காசு கட்டி பூஸ்ட், மெட்டா விளம்பரம்

பூஸ்ட் பட்டனை அழுத்துவது சுலபம். அதனால்தான் பணமும் அதில் சுலபமாகப் போகிறது. எதற்காக விளம்பரம் என்று நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதைச் செய்யக்கூடிய ஆட்களைத்தான் மெட்டா தேடிப் பிடிக்கும். பக்கத்துக்கு ஆள் வர வேண்டும் என்று கொடுத்தால் எதையும் கிளிக் செய்கிற பழக்கம் உள்ளவர்கள் வருவார்கள். மெசேஜ் வர வேண்டும் என்று கொடுத்தால் மெசேஜ் அனுப்புகிறவர்கள் வருவார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை ஏறுவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் சின்ன வியாபாரத்துக்கு வாட்ஸ்அப்புக்கு நேராக ஆள் வருகிற விளம்பரம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அதில் நம்பரும் சேர்ந்து வருகிறது.

கோவை கேக்காரருக்கு இது அருமையான கருவி. சிங்காநல்லூரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இந்த வயதுக்காரர்கள் என்று வட்டம் போட்டு அதற்குள் மட்டும் காட்டலாம். ரீல் தற்செயலாக மதுரைக்காரரிடம் ஓடும், விளம்பரம் ஓடாது.

செலவுக் கணக்கு இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 3,000 ரூபாய்க்கு விளம்பரம் என்றால் கையிலிருந்து போவது 3,540. ஜிஎஸ்டி பதிவு இருப்பவர் அந்த 540-ஐ இன்புட் கிரெடிட்டாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுக்கலாம், பதிவு இல்லாதவருக்கு அது போனது போனதுதான். ஒரு சேலையில் உங்களுக்கு நிற்பது 150 ரூபாய் என்றால் இந்தக் காசை மீட்கவே கூடுதலாக 24 சேலை விற்க வேண்டும். அதற்கு மேல் விற்பதுதான் லாபம். விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளிருந்தே பூஸ்ட் செய்தால் ஆப்பிள் எடுக்கிற 30 சதவீதத்தையும் சேர்த்து வாங்கும் முறையை மெட்டா 2024-இல் கொண்டுவந்தது. ப்ரவுசரில் போய்ச் செய்தால் அது சேராது. பணம் கட்டுகிற பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

தீபாவளிக்கு முன்னால் விளம்பரச் செலவு ஏறும். விளம்பர இடம் ஏலத்தில் போகிறது, அந்த நேரத்தில் பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆன்லைன் கம்பெனிகள் எல்லாம் அதே ஆட்களுக்காக ஏலம் கேட்கின்றன. நாம் கொடுக்கிற 200 ரூபாய்க்கு மற்ற மாதங்களில் பார்க்கிற அளவுக்கு ஆள் பார்க்க மாட்டார்கள். ஆடி, ஆவணியிலேயே விளம்பரம் கொடுத்து நம்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தீபாவளி நேரத்தில் அந்த நம்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு செலவு யாரும் சொல்வதில்லை. ஊரைக் குறிப்பிடாமல் விளம்பரம் விட்டால் பெங்களூரு, ஹைதராபாத்திலிருந்து ஆர்டர் வரும். சந்தோஷம்தான். ஆனால் வரி விதிக்கப்படும் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான சட்டம். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் பொருள் எதில் வருகிறது என்று ஆடிட்டர் ஒருத்தரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு, அது வரைக்கும் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விளம்பரம் காட்டுங்கள்.

நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்ற அளவில் விளம்பரம் தோற்றுவிடும். காசு நின்ற அன்றே ஆள் வருவதும் நிற்கும். அதனால் சும்மா ஏதோ ஒரு போஸ்டைத் தள்ளிவிடாமல், தானாகவே நன்றாக ஓடிய ரீல் ஒன்றுக்கு மட்டும் காசு போடுங்கள். தானாக ஓடாததைக் காசு ஓடவைக்காது.

## இன்ஃப்ளுயன்சரிடம் கொடுப்பது

இங்கே வாங்குவது நம்பிக்கையை. நமக்கு அவரைத் தெரியும், அவர் இந்த ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார், அப்படியானால் வாங்கலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். பொடி, ஊறுகாய் விற்பவருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பொருந்தும், ஏனென்றால் ருசியை வீடியோவில் காட்ட முடியாது, நம்பத்தகுந்த ஒருத்தர் சொல்லத்தான் வேண்டும்.

பெரிய ஆளிடம் போகாதீர்கள். 5 லட்சம் ஃபாலோயர் உள்ள ஒருவர் வாரத்துக்கு நாலு கடையைப் புகழ்ந்தால் ஐந்தாவது கடையை யார் நம்புவார்கள்? 8,000, 10,000 பேர் உள்ள, தினம் சமையல் போடுகிற, கமெண்ட்டுக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற ஒருவர் சொன்னால் வேறு எடை. கமெண்ட்டுகளைப் படித்துப் பாருங்கள். "சூப்பர்", "நைஸ்", நெருப்புப் படம் என்று மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். "அக்கா, இதுக்கு நல்லெண்ணெய் ஊத்தணுமா?" என்று கேட்டிருந்தால் அங்கே உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால், அவரைப் பார்ப்பவர்கள் எந்த ஊர், எந்த நாடு என்று காட்டுகிற இன்சைட்ஸ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இது சாதாரணமாகக் கேட்கிற விஷயம்தான். தமிழில் வீடியோ போடுபவர்களை இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலும் நிறையப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் பொடி அங்கே போகாது என்றால் அந்தப் பார்வைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

போஸ்டை இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற கொலாப் போஸ்டாகக் கேளுங்கள், அப்போது அது உங்கள் பக்கத்திலும் நிற்கும். அந்த வீடியோவை நீங்கள் பிறகு விளம்பரத்தில் பயன்படுத்தலாமா, எத்தனை மாதம் அவர் அதை நீக்காமல் வைத்திருப்பார் என்பதை முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தோ பொருள் கொடுத்தோ செய்கிற வீடியோ என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது, மத்திய அரசின் நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சாப்பாட்டுப் பொருளில் "இதைச் சாப்பிட்டால் சுகர் குறையும்" என்று அவர் ஒரு ஆர்வத்தில் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்களும்தான். பாட்டில் லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருகிற எண்) இல்லாமல் இந்த வழிக்கே போக வேண்டாம், முதல் கமெண்ட்டிலேயே கேட்பார்கள், கேட்க வேண்டும்.

வீடியோ வந்த இரண்டு நாளில் எல்லா ஆர்டரும் மொத்தமாக வரும் என்பதும் ஒரு செலவுதான். 40 பாட்டில் மட்டும் இருக்கும்போது 200 ஆர்டர் வந்து, அவசரத்தில் மூடி சரியாக மூடாமல் எண்ணெய் வடிந்த பார்சல் போனால் அந்த இன்ஃப்ளுயன்சரின் கமெண்ட்டிலேயே புகார் எழுதுவார்கள். சரக்கை முடித்து அடுக்கிவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

## கிவ்அவே

"ஃபாலோ பண்ணுங்க, மூணு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணுங்க, சேலை இலவசம்." எண்ணிக்கை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் இலவசத்துக்காக வருகிறவர்கள், முடிவு அறிவித்த மறுநாள் போய்விடுவார்கள். போகாமல் இருப்பவர்களால்தான் கெடுதல் அதிகம். அவர்கள் உங்கள் அடுத்த ரீலைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டுப் போவார்கள், ஃபாலோ செய்பவர்களே பார்க்காத ரீலை இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்கு ஏன் காட்டப் போகிறது? செய்தே ஆக வேண்டுமென்றால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் செய்யுங்கள்: சேலை கட்டிய ஃபோட்டோ அனுப்புங்கள், ஒருவருக்கு அடுத்த சேலை நம் கணக்கில் என்று. அந்தப் படங்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஹைலைட்டில் வைக்கலாம். புதிதாக வருகிறவருக்கு அதைவிட நம்பிக்கை தருவது எதுவும் இல்லை.

## ஏஜென்சி

மாதம் 5,000-க்கு வருகிற பேக்கேஜில் பெரும்பாலும் கிடைப்பது பன்னிரண்டு போஸ்டர், நாலு ரீல், பண்டிகை வாழ்த்துகள். அந்த ரீலும் உங்கள் ஃபோட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு மேலே எழுத்துப் போட்டதாக இருக்கும். தவறு அவர்களுடையது மட்டும் இல்லை, அந்தக் காசுக்கு அவர்களால் உங்கள் வீட்டுக்கு வந்து படம் எடுக்க முடியாது. விளம்பரச் செலவு அதற்கு மேல் தனி.

மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் நிலையான விற்பனை, பார்சல் கட்டவே நேரம் இல்லை என்கிற நிலை வந்த பிறகு வெளியாளை வைக்கலாம். அப்போதும் ஏஜென்சிக்கு முன்னால், உங்கள் ஊரிலேயே ஃபோனில் நன்றாக வீடியோ வெட்டத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு ரீலுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாருங்கள். பேச்சும் பொருளும் உங்களுடையது, வெட்டுவது மட்டும் அவர்.

யாரை வைத்தாலும் கணக்கு உங்கள் நம்பரிலும் உங்கள் ஈமெயிலிலும்தான் இருக்க வேண்டும். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், அவர்களுக்குப் பார்க்கவும் இயக்கவும் மட்டும் அனுமதி. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, பிரியும்போது பக்கத்தை மீட்க அலைந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

## காசுக்கு ஃபாலோயர்ஸ் வாங்குவது

வேண்டாம். இன்ஸ்டாகிராம் 2014 டிசம்பரில் போலிக் கணக்குகளை மொத்தமாக நீக்கியபோது பெரிய நட்சத்திரங்களுக்கே லட்சக்கணக்கில் குறைந்தது, அதற்குப் பிறகும் நீக்கிக்கொண்டே இருக்கிறார்கள். 20,000 ஃபாலோயர், ரீலுக்கு 11 லைக் என்றால் வாங்க வருகிறவருக்கே புரிந்துவிடும், ஏமாற்றுக் கடையோ என்று பயப்படுவார். இதில் கணக்கு விவரத்தைக் கேட்கிற தளங்கள் வேறு இருக்கின்றன, அவற்றிடம் கொடுத்தால் கணக்கே போய்விடும்.

## ஒரே பார்வையில்

| வழி | யார் வருவார்கள் | கையிலிருந்து போவது | மறைந்திருக்கும் செலவு | நிறுத்தினால் |
|---|---|---|---|---|
| நாமே ரீல்ஸ் | பொருளைப் பிடித்தவர்கள், ஆனால் எந்த ஊரும் | வாரம் 4–5 மணி நேரம் | மெசேஜ் பதில், சரக்கு தீர்வது, பாட்டு உரிமை | யூட்யூபில் தேடி வருவது தொடரும், இன்ஸ்டாவில் மெதுவாகக் குறையும் |
| விளம்பரம் | நீங்கள் சொன்ன ஊர், நீங்கள் சொன்ன வயது | நாள் கணக்கில் காசு | 18% ஜிஎஸ்டி, பண்டிகை ஏலம், வேறு மாநில விற்பனை | அன்றே நிற்கும் |
| சின்ன இன்ஃப்ளுயன்சர் | அவரை நம்புகிறவர்கள் | ஒரு தடவைத் தொகை, பொருள் | மொத்த ஆர்டர் நெரிசல், சட்டப் பொறுப்பு | வீடியோ இருக்கும் வரை கொஞ்சம் வரும் |
| கிவ்அவே | இலவசத்துக்கு வருபவர்கள் | பரிசுப் பொருள், கொரியர் | அடுத்த ரீல்கள் படுத்துவிடும் | போய்விடுவார்கள் |
| ஏஜென்சி | அவர்கள் செய்வதைப் பொறுத்தது | மாதச் சம்பளம் போல | விளம்பரக் காசு தனி, கணக்கு யார் கையில் | போஸ்டர்கள் மிஞ்சும் |

## ஃபாலோயர் அல்லாத இரண்டு

இவை இரண்டும் சரியாக இல்லாமல் மேலே உள்ள எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

ஒன்று வாட்ஸ்அப் பிசினஸ். விலையோடு கேட்டலாக், தானாகப் போகிற பதில், வாடிக்கையாளருக்கு லேபிள் எல்லாம் இலவசம். ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் அது போகும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: இந்த நம்பரை இந்தப் பெயரில் சேவ் செய்தால் புது ஸ்டாக் முதலில் உங்களுக்கு வரும் என்று. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் எத்தனை பேரும் சேரலாம், அவர்கள் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. நூற்றுக்கணக்கான பெண்களின் நம்பர் எல்லாருக்கும் தெரிகிற குரூப்பைவிட அது எவ்வளவோ மேல்.

மற்றது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். "பக்கத்தில் கேக் கடை" என்று தேடுகிறவர் இன்றைக்கே வாங்கப் போகிறவர். தையல் கடை, பேக்கரி, பியூட்டி பார்லர் வைத்திருப்பவர்களுக்கு முப்பது உண்மையான ரிவ்யூ ஆயிரம் ஃபாலோயருக்குச் சமம் என்பேன். வீட்டு முகவரி காட்ட விருப்பமில்லை என்றால் டெலிவரி செய்கிற பகுதியை மட்டும் காட்டுகிற வசதியும் அதில் உண்டு.

## அந்த 5,000 ரூபாயை எங்கே போடுவது

சேலைக்காரர் முதல் மூன்று மாதம் விளம்பரத்துக்கு ஒன்றும் போட வேண்டாம். ஒரு நல்ல விளக்கு, ஃபோன் ஸ்டாண்ட், சட்டைக் காலரில் மாட்டுகிற மைக், அவ்வளவுதான் செலவு. வாரம் மூன்று ரீல், விலையோடு. நாலாவது மாதம், இருப்பதிலேயே அதிகம் பேருக்கு அனுப்பப்பட்ட ரீலை எடுத்து நாளைக்கு 200 ரூபாய் என்று ஐந்து நாள், தமிழ்நாட்டுக்குள் மட்டும், வாட்ஸ்அப்புக்கு வருகிற மாதிரி ஓடவிட்டுப் பார்க்கலாம். பட்டு என்று சொல்லி விற்கிறீர்கள் என்றால் சில்க் மார்க் (சுத்தப் பட்டு என்பதற்கான முத்திரை) உள்ள சரக்கை மட்டும் அப்படிச் சொல்லுங்கள், சாஃப்ட் சில்க்கை சாஃப்ட் சில்க் என்றே சொல்லுங்கள். ஒரு பொய்க்குக் கிடைக்கிற கமெண்ட்டை எந்த விளம்பரமும் துடைக்காது.

கேக்காரர் முதலில் கூகுளில் ஏறி, இதுவரை வாங்கியவர்களிடம் ரிவ்யூ கேட்கட்டும். பிறகு மாதம் 3,000 வரை தன் வட்டத்துக்குள் விளம்பரம், சனி ஞாயிறு ஆர்டருக்காகப் புதன்கிழமை ஆரம்பித்து வெள்ளியோடு நிறுத்திவிடலாம். அவருக்கு 10,000 ஃபாலோயர் தேவையே இல்லை, ஒரு வாரத்துக்கு எத்தனை கேக் செய்ய முடியுமோ அத்தனை ஆர்டர் போதும்.

பொடி, ஊறுகாய்க்காரர் இரண்டு மாதக் காசைச் சேர்த்துக்கொண்டு, சின்ன இன்ஃப்ளுயன்சர்கள் மூன்று பேரை வேறு வேறு மாதங்களில் பார்க்கட்டும், ஒரே நாளில் மூவரையும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி கூப்பன் வார்த்தை கொடுத்து, யார் வழியாக எத்தனை பாட்டில் போனது, அதில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். யார் மூலம் வந்தவர்கள் திரும்ப வாங்குகிறார்களோ அவருக்கே அடுத்த தடவையும் காசு கொடுங்கள், அவருடைய ஃபாலோயர் எண்ணிக்கை மூவரில் குறைவாக இருந்தாலும்.